பேனா வாங்கும் ஆய்வாளர்களும் ஒரு கோடிச் சீட்டுகளும்

கல்வியாண்டு தொடங்கும் நாள்களில் புனேயின் அப்பா பல்வந்த் சௌக் கடைகளுக்கு வரும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார். பேனா தடையின்றி ஓடுமா? தாளின் மறுபக்கம் மை ஊறுமா? இவை தவறான கேள்விகள் அல்ல, போதாதவை. எழுதும் கையின் சுகம் மட்டுமே இவற்றில் இருக்கிறது. எழுதியதைப் பத்தாண்டுகள் கழித்துத் தேடப்போகிறவரும், எழுதியவர் இல்லாத காலத்தில் அதைப் படிக்கப்போகிறவரும் இவற்றில் இல்லை.

அப்படிப் பிறர் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட பெருந்தொகுப்பு ஒன்று அதே நகரில், எரவாடாவில் இருக்கிறது. வரலாற்று முறையிலான சமஸ்கிருதப் பேரகராதிக்காக டெக்கான் கல்லூரியில் எஸ்.எம். கத்ரே 1948இல் தொடங்கிய திட்டத்தில், ஏறத்தாழ 25 ஆண்டுகள், சுமார் 1,500 நூல்களிலிருந்து ஒரு கோடி அளவிலான சொற்சீட்டுகள் கையால் எழுதப்பட்டன. ஒரு சொல், அது வரும் தொடர், நூலின் பெயர், இடம். அவ்வளவுதான் ஒரு சீட்டு. முதல் தொகுதி 1976இல் வந்தது. 35 தொகுதிகள் வெளியான பின்னும் அகராதி முதல் உயிரெழுத்தைக் கடக்கவில்லை. இந்தத் தாமதத்தைக் கேலி செய்வோர் உண்டு. அது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: சீட்டை எழுதியவரை ஒருமுறைகூடப் பார்த்திராத பதிப்பாசிரியர், அவருடைய கையெழுத்தை நம்பி இன்றும் வேலை செய்கிறார்.

கெட்டி அட்டை போட்ட விலையுயர்ந்த நாட்குறிப்பில் இந்த வேலை நடக்காது. அதில் ஒரு குறிப்பின் இடத்தை எழுதிய நாளே தீர்மானிக்கிறது, பொருள் அல்ல. சிலப்பதிகார உரை வேறுபாடு ஒன்று நெறியாளர் சந்திப்புக்கும் தொடர்வண்டி நேரத்துக்கும் நடுவே கிடக்கும். தமிழ்த்துறைகளின் ஆய்வியல் பாடத்தில் குறிப்பட்டை பற்றி ஐந்து மதிப்பெண் வினா உண்டு. விடை எழுதித் தேறியவர்களில் எத்தனை பேர் நூறு அட்டை எழுதியிருப்பர்? ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் ஏறத்தாழ 90,000 சீட்டுகள் எழுதியவர். பழைய பட்டியல்களின் பின்பக்கத்தையும் விட்டுவைக்காதவர். இன்று அவர் பெயரைச் சொல்லிப் பேழைகளும் செயலிகளும் விலைக்கு வாங்கப்படுகின்றன.

பேனா விஷயத்தில் தமிழில் எழுதுவோருக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. அகன்ற முனை கொண்ட வெளிநாட்டு மைப்பேனாவில் விரைந்து எழுதினால் சுழிகள் அடைபட்டு இரண்டும் ஒன்றாகிவிடும். ஓலையில் புள்ளி இடாமலும் எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடு காட்டாமலும் எழுதிய ஏட்டாளர்களால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை வகுப்பில் விரித்துரைப்பவர்களே, தம் குறிப்புகளில் புள்ளியை விட்டுவிடுகிறார்கள். ஏட்டாளருக்காவது ஓலை கிழியும் என்ற அச்சம் இருந்தது. தாளில் எழுதுகிறவருக்கு என்ன அச்சம்? 0.5 மில்லிமீட்டர் முனை போதும்.

மையைப் பொறுத்தவரை, மைப்பேனாக்களுக்கு விற்கப்படும் நீலமைகளில் பெரும்பாலானவை நீரில் கரையும் சாயங்கள். புனேயின் ஆடி மழையில் நனையும் ஒரு பையே அவற்றுக்குப் போதும். வெப்பத்தால் அழியும் மை இன்னும் ஆபத்தானது: 60 டிகிரி செல்சியஸை நெருங்கினால் எழுத்து மறைந்துவிடும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஓராண்டுக் களப்பணி வெற்றுத்தாளாகலாம். எண்ணெய் சார்ந்த சாதாரணப் பந்துமுனைப் பேனா நீரைத் தாங்கும். நிறமித்துகள் கொண்ட ஜெல் மையும் தாங்கும். காப்பகங்களில் பென்சில். தாள் அமிலமற்றதாக இருந்தால் போதும், அழகு வேண்டியதில்லை. சிவாஜிநகரில் 1940இல் தொடங்கப்பட்ட கைத்தாள் நிறுவனத்தின் பருத்தித் தாள்கள் நெடுங்காலம் நிற்பவை. ஆனால் சொரசொரப்பான கைத்தாளில் நுண்முனை இடறும். அன்றாடக் குறிப்புக்கு அது உரியதன்று.

மடிக்கணினி இருக்கும்போது இந்த விவாதமே எதற்கு என்பாருக்குக் கையெழுத்து அன்பர்கள் சொல்லும் பதிலும் பலவீனமானது. கையால் குறிப்பெடுத்தால் நன்றாகப் புரியும் என்ற 2014ஆம் ஆண்டு ஆய்வையே அவர்கள் காட்டுகிறார்கள். 2019, 2021ஆம் ஆண்டுகளில் நடந்த மறுசோதனைகளில் அந்த மேன்மை உறுதிப்படவில்லை. ஆகவே மூளையை இதில் இழுக்க வேண்டாம். மென்பொருள் மாறினாலும் சீட்டைத் திறக்கலாம், கலைத்து அடுக்கலாம், இன்னொருவரிடம் கொடுக்கலாம் என்பதே போதுமான காரணம்.

கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறுகிறது. அதைத் தாங்கிய குறிப்புகள் விடுதி அறையைக் காலி செய்யும் நாளில் பழைய தாள் கடைக்குப் போகின்றன. அங்கே உயர்ரக நாட்குறிப்பும் கோடு போட்ட நோட்டும் ஒரே தராசில்தான். துறைகள் இதை மாற்ற முடியும். முதலாண்டு மாணவருக்கு ஒரே அளவில் வெட்டிய அமிலமற்ற சீட்டுகள் ஆயிரம் தரட்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில் அந்தச் சீட்டுகளையும் கேட்டு வாங்கட்டும். துறை நூலகத்தில் ஒரு இரும்புப் பேழைக்கு இடமில்லை என்று எந்தத் துறைத்தலைவர் சொல்வார்?