பாதை எவ்வளவு கரடுமுரடு? பணம் வாங்கும் முன் சொல்லுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டு டீக்கடைகளில் அவர்களைப் பார்க்கலாம். முழங்காலில் கவசம். முதுகில் தண்ணீர்ப் பை. வண்டிச் சக்கரத்தில் பல் பல்லான டயர். டீயைக் குடித்துவிட்டு மேற்கே பறக்கிறார்கள்.

பந்தயத்துக்கு!

இது தார் ரோட்டுப் பந்தயம் அல்ல. கல், மணல், சேறு, ஓடை, மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். இதற்கு 'எண்டூரோ' என்று பெயர். வேகம் மட்டும் இருந்தால் போதாது. கடைசி வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு மோட்டார் பந்தயம் புதிது அல்ல. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் கூட்டம் அலைமோதியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் திடலே வந்துவிட்டது. 2015-ல் பெங்களூர் வீரர் சி.எஸ்.சந்தோஷ் டக்கார் போட்டியை முழுவதும் ஓட்டி முடித்து, அப்படி முடித்த முதல் இந்தியர் என்று பெயர் எடுத்தார். 2024-ல் கேரளத்து ஹரித் நோவா அதே போட்டியில் 'ராலி-2' பிரிவில் முதல் இடத்தைப் பிடித்தார். இதையெல்லாம் பார்க்கும் பசங்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

ஆசை வரட்டும். தப்பு அங்கே இல்லை.

கில்லாடி போட்ட பாதை

பாதையைப் போடுகிறவர் யார்? பத்து வருஷம் ஓட்டிய கில்லாடி. ஆள் உயரப் பாறையைப் பார்த்தால் அவருக்குக் குஷி. "இது ஒண்ணுமே இல்லப்பா, ஏறிடலாம்" என்பார். அவர் ஏறிவிடுவார். அவர் வண்டியும் அதற்கென்றே செய்தது. வெளிநாட்டு எண்டூரோ வண்டி சுமார் 105 கிலோதான்.

பின்னால் வருகிற பையனிடம் இருப்பது என்ன? எக்ஸ்பல்ஸ் 200 என்றால் 160 கிலோவை நெருங்கும். ஹிமாலயன் 411 என்றால் சுமார் 200 கிலோ. சேற்றில் அது ஒரு தடவை சாய்ந்தால் தூக்கி நிறுத்தலாம். பத்தாவது தடவை சாயும்போது கையில் தெம்பு இருக்காது.

ஒற்றையடி ஏற்றத்தில் ஒருவன் சிக்கினால் அவனோடு போகாது. குமணன்சாவடி சிக்னலில் பஸ் பழுதாகி நின்றால் என்ன ஆகும்? அதே கதைதான். பின்னால் இருபது வண்டி நிற்கும். என்ஜின் கொதிக்கும். கிளட்ச் தீய்ந்த நாற்றம் வரும். பையில் தண்ணீர் தீரும். வெயில் உச்சிக்கு ஏறும். களைத்துப் போனவன்தான் விழுகிறான். விழுந்தால் காலோ தோள்பட்டையோ போகிறது.

அந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் வருமா? மோட்டார் சைக்கிளே ஏறாத மேட்டில் ஆம்புலன்ஸ் எப்படி ஏறும்? நாலு பேர் தோளில் தூக்கித்தான் வர வேண்டும்.

"கஷ்டம் இல்லாவிட்டால் அது என்ன பந்தயம்? சுலபமாகப் போட்டால் அடுத்த வருஷம் எவனும் வர மாட்டான்" என்கிறார்கள் பழைய ஆட்கள். வாதம் நியாயமானதுதான். உலகத்திலேயே பேர்போன ஒரு போட்டி ஆஸ்திரியா நாட்டில் எர்ஸ்பெர்க் இரும்புச் சுரங்க மலையில் 1995 முதல் நடக்கிறது. ஐந்நூறு பேர் புறப்படுவார்கள். நாலு மணி நேரம் கெடு. சில ஆண்டுகளில் பத்துப் பேர் கூட முடிப்பதில்லை.

ஆனால் 2015-ல் அங்கேயே என்ன நடந்தது? புதிதாகச் சேர்த்த ஒரு பகுதியில் முன்னணி வீரர்கள் நாலு பேரும் சிக்கிக்கொண்டார்கள். உலகப் புகழ் பெற்றவர்கள்! ஒருவர் வண்டியை ஒருவர் பிடித்து இழுத்துத் தள்ளி மேலே ஏற்றினார்கள். நாலு பேரும் சேர்ந்தே எல்லைக்கோட்டுக்கு வந்தார்கள். நாலு பேருக்கும் முதல் பரிசு கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜாம்பவான்களுக்கே இந்தப் பாடு என்றால், சனிக்கிழமை ராத்திரி வரை கடையில் கணக்கு எழுதிவிட்டு வந்தவன் என்ன செய்வான்?

திங்கட்கிழமை வேலை

பணம் வாங்கி ஓட்டுகிறவனுக்கு வண்டி உடைந்தால் கம்பெனி வேறு வண்டி தரும். நம் ஊர்ப் பையனுக்கு அந்த வண்டிதான் திங்கட்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற வண்டி. தவணை இன்னும் கட்டி முடிந்திருக்காது. இன்சூரன்சு இருக்கிறதே என்றால், பாலிசியைப் பிரித்துப் படிக்க வேண்டும். ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் ஓட்டினால் செல்லாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. கடினமான ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் ஒரு சுற்றுவழி விட வேண்டும். பாறையில் ஏறுகிறவன் ஏறட்டும். ஏற முடியாதவன் சுற்றிப் போகட்டும், இரண்டு நிமிஷம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். ருமேனியாவில் நடக்கும் ரோமானியாக்ஸ் போட்டியில் தங்கம், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று பிரிவு வைத்து, பிரிவுக்கு ஏற்றபடி பாதை போடுகிறார்கள்.

பாதையைச் சோதிக்க கில்லாடியை அனுப்பக் கூடாது. சுமாராக ஓட்டுகிறவனை, கனமான வண்டியில் அனுப்பிப் பார்க்க வேண்டும். அதையும் முதல் நாள் சாயங்காலம் பார்க்க வேண்டும். மே மாதம் கெட்டியாக இருக்கும் ஏரிக்கரை மண், ஐப்பசி மழை ஒன்று பெய்தால் வெண்ணெய் ஆகிவிடும். போன மாதம் பார்த்தேன் என்பது கதைக்கு உதவாது. கடைசி ஆளுக்குப் பின்னால், யாரும் விடுபடவில்லை என்று பார்த்து வர ஒருவர் வேண்டும்.

பையன்களுக்கும் ஒரு வார்த்தை. பழகுகிறேன் என்று செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறாதீர்கள். அது சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி. டயர் கிழித்த கோட்டில்தான் மழைத் தண்ணீர் இறங்கிக் கரையை அரிக்கும். 2015 டிசம்பரில் அந்த ஏரி நிரம்பித் திறந்தபோது பட்ட பாடு மறந்துவிட்டதா? பொது ரோட்டில் ஒருவரை ஒருவர் விரட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்று மாதம் வரை உள்ளே போகவும் நேரிடும்.

மழை முடிந்து மார்கழி, தை வந்தால் மறுபடி பந்தய சீசன்தான். ஏற்றம் எத்தனை, சேறு எவ்வளவு தூரம், சுற்றுவழி உண்டா, அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, இந்த நாலையும் விண்ணப்பப் படிவத்திலேயே அச்சடிக்கலாம். கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடத் தெரிகிறதே!