தொண்டைவலிக்கு 10 நிமிட சோதனை: போடிக்குச் சரிப்படுமா?

போடிநாயக்கனூரில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், பிள்ளையின் தொண்டைவலிக்காக வீட்டில் நின்றால் அன்றையக் கூலி போச்சு! எனவே மருந்துக்கடைதான் ஆஸ்பத்திரி. "ஒரு செட்டு குடுங்கண்ணே" என்று மாத்திரை வாங்கி, வலி குறைந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

வம்பு இங்கேதான். தொண்டைவலி பெரும்பாலும் வைரஸால் வருவது, தானாகப் போய்விடும். ஆனால் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' கிருமி காரணம். அதை விட்டுவிட்டால், சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோடு மூட்டு வீங்கி, இருதய வால்வே கெட்டுவிடுகிறது. 5 முதல் 15 வயதுவரை ஆபத்து அதிகம்.

கிருமியைப் பிடிக்க 10 நிமிட சோதனை அட்டை வந்து பல வருஷமாகிறது. குச்சியால் தொண்டைச் சதையைத் தடவி, மருந்தில் நனைத்து, அட்டையில் கோடு விழுகிறதா என்று பார்ப்பது. கொரோனா காலத்தில் மூக்கில் விட்டுப் பார்த்தோமே, கிட்டத்தட்ட அதே சங்கதி!

நம்பலாமா?

2016-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, கிருமி உள்ள 100 பிள்ளைகளில் சுமார் 86 பேரை அட்டை பிடிக்கிறது. 14 பேர் தப்பிவிடுகிறார்கள். கிருமி இல்லாத 100 பேரில் சுமார் 95 பேருக்கு "இல்லை" என்று சரியாகச் சொல்கிறது.

ஆக, "உண்டு" என்றால் மருந்தைத் தொடங்கலாம். "இல்லை" என்றால் பெரியவர்கள் அதோடு விடலாம். வால்வு ஆபத்து அவர்களுக்கு ரொம்பக் குறைவு. பிள்ளைகளுக்கு கல்ச்சர் பார்ப்பதே நல்லது. ஏற்கெனவே கடையில் ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால் "இல்லை" என்ற பதிலை நம்புவதற்கே இல்லை. நாக்கைத் தொட்டுவிட்டு எடுத்த குச்சியும் அப்படித்தான்.

கல்ச்சருக்குத் தேனியைத் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரிவரை யார் போவது? பிள்ளை போகவேண்டாம், குச்சி போனால் போதும்! போடியிலேயே ஒரே நேரத்தில் இரண்டு குச்சி எடுத்து, அட்டை "இல்லை" என்றால் இரண்டாவதை அனுப்ப ஏற்பாடு செய்யலாம். முடிவு வர இரண்டு நாள் ஆனாலும் குடி முழுகிவிடாது. வலி கண்ட 9 நாளுக்குள் மருந்து தொடங்கினாலே வால்வைக் காப்பாற்றிவிடலாம்.

மருந்தும் பழைய பெனிசிலின்தான். இந்தக் கிருமி இன்றுவரை அதற்கு மசியாமல் இருந்ததில்லை. 10 நாள் மாத்திரை, அல்லது ஒவ்வாமை உண்டா என்று பார்த்து டாக்டர் போடும் ஒரே ஊசி. ஆத்தாளும் அப்பனும் மலைக்குப் போய்விடுகிற வீட்டில் 10 நாள் வேளை தவறாமல் யார் மாத்திரை கொடுப்பது? ஊசியே தேவலை.