ஏணி வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள்

மாத நாவல்களையும் காமிக்ஸையும் பற்றித் தமிழில் இரண்டு தீர்ப்புகள் புழக்கத்தில் உண்டு. ஒன்று, 'அதெல்லாம் குப்பை.' இப்படிப் பச்சையாகச் சொல்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். இன்னொன்று பெருந்தன்மையோடு சொல்லப்படுவது: 'ராஜேஷ்குமாரில் ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது. சுஜாதா வழியாக ஏறி ஜானகிராமன், அசோகமித்திரன் என்று வந்து சேர வேண்டும்.' புத்தகக் கண்காட்சி வந்தால் இந்த ஏணியும் கூடவே வந்துவிடும். கேட்க நியாயமாக இருப்பதால் இதை யாரும் மறுப்பதில்லை. முதல் தீர்ப்பு நேராகச் சண்டைக்கு வருகிறது. இரண்டாவது தோளில் கை போட்டுக்கொண்டு அதே காரியத்தைச் செய்கிறது. அதனால்தான் அதை மறுக்க வேண்டியிருக்கிறது.

ஏணி வாதத்தின் அடியில் சில நம்பிக்கைகள் கேள்வி கேட்கப்படாமலே கிடக்கின்றன. 'இந்தக் கதைகள் எல்லாம் ஒரே அச்சு' என்பது அவற்றில் பழையது. கொலை விழும், துப்பறிபவர் வருவார், கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபடுவான். ஒன்றைப் படித்தால் நூறைப் படித்த மாதிரி என்பார்கள். இதைச் சொல்கிறவர்களே குறள் வெண்பாவுக்கு ஏழு சீர்தான் என்பதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டார்கள். கட்டு இறுக்கமாக இருக்கும்போதுதான் அதற்குள் ஒருவர் என்ன செய்து காட்டுகிறார் என்பது தெரியும். அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலின் முடிவு அன்று பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. துப்பறியும் கதையில் எதை நம்பலாம் என்று வாசகருக்கு ஒரு எதிர்பார்ப்பு ஊறிப்போயிருந்ததால்தான் அந்த அதிர்ச்சி வேலை செய்தது. முடிவு என்ன என்று சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தமிழிலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலேயே ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தார்கள். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனுக்கு அன்று ஏகப்பட்ட ரசிகர்கள். அடுத்த தலைமுறையில் தேவன் ஆனந்த விகடனில் சாம்புவைக் கொண்டுவந்தார். அசட்டுத்தனத்தாலும் அதிர்ஷ்டத்தாலும் மட்டுமே கேஸ்களைக் கண்டுபிடிக்கிற ஒரு பாங்கு குமாஸ்தா. துப்பறியும் கதையின் விதிகள் வாசகர்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தால்தான் இந்தப் பகடி எடுபடும். 1940களிலேயே தன்னைத் தானே கேலி செய்துகொள்கிற அளவுக்கு முதிர்ந்துவிட்ட ஒரு வகையை இன்னமும் மழலை வகுப்பு என்பது வரலாறு தெரியாத பேச்சு.

அடுத்தது, 'தொடர் நீண்டால் சரக்கு நீர்த்துவிடும்' என்பது. இதில் பாதி உண்மை. வாரப் பத்திரிகைக்காக இழுத்த அத்தியாயங்களை நாம் எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறோம். ஆனால் நீளம் குற்றம் என்றால் முதல் குற்றவாளி 'பொன்னியின் செல்வன்'. கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை ஓடிய ஐந்து பாகக் கதை அது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்தை நோக்கி நம்மைத் தள்ளிவிட்டு முடியும். நடுவில் ஒரு கொலை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சில பெயர்களைச் சொல்கிறது. கல்கியோ வாசகரை ஐயத்திலேயே விட்டுவிடுகிறார். சரித்திரக் கதை, சாகசக் கதை, மர்மக் கதை மூன்றும் பின்னிய தொடர்கதை. மாத நாவல் என்றால் முகம் சுளிக்கிற வீடுகளிலும் இதன் ஐந்து பாகங்களும் கண்ணாடி அலமாரியில் நிற்கும். அட்டை கெட்டியானால் வகை மாறிவிடுகிறது போலும்.

கல்கியை நவீன இலக்கியத்தில் சேர்க்கவே முடியாது என்பவர்களும் உண்டு. சரி, அவர்கள் முகாமிலிருந்தே ஓர் உதாரணம். ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014இல் தொடங்கி 2020இல் முடிந்தது. மொத்தம் 26 நாவல்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த மகாபாரதம். யார் சாவார், யார் பிழைப்பார் என்பதில் ரகசியமே இல்லை. தினம் ஓர் அத்தியாயமாக அதைத் தொடர்ந்து படித்தவர்கள், நீண்ட தொடர் தரும் இன்பம் எது என்று அறிந்தவர்கள்தான். பாத்திரங்களோடு வருடக்கணக்கில் கூட இருப்பது, அவர்கள் மாறுவதைப் பார்ப்பது, போன முறை எங்கே விட்டோம் என்று நினைவிலிருந்து எடுத்துக்கொள்வது. ஜார்ஜ் சிமெனான் மெக்ரே என்ற காவல் அதிகாரியை வைத்து 75 நாவல்கள் எழுதினார். அதில் இருபதைப் படித்தவருக்குப் பாரிஸின் மழையும் சிற்றுண்டிக் கடைகளும் மெக்ரேயின் மனைவி சமைக்கும் குழம்பும் பரிச்சயமாகிவிடும். ஒரே ஒரு நாவல் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த நெருக்கத்தைத் தர முடியாது. அதற்கு அவகாசம் போதாது. நம் பழைய மரபுக்கும் இது அந்நியமில்லை. சிலப்பதிகாரத்தின் கதை மணிமேகலையில் தொடர்கிறது, அதுவும் வேறொரு புலவர் கையில்.

'பெரிய எழுத்தாளர்கள் இந்தப் பக்கம் வர மாட்டார்கள்' என்பது இன்னொரு நம்பிக்கை. இதற்கு அதிக இடம் வேண்டாம். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' பேய்க் கதை. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைத் தமிழில் 'பிரேத மனிதன்' ஆக்கியவரும் அவர்தான். ஜெயமோகனுக்கு 'விசும்பு' என்று ஓர் அறிவியல் புனைகதைத் தொகுப்பும், 'நிழல்வெளிக் கதைகள்' என்று ஒரு பேய்க் கதைத் தொகுப்பும் இருக்கின்றன. ஏணியின் உச்சியில் உட்கார்ந்திருப்பவர்கள் கீழ்ப்படிக்கு இறங்கி வந்து சந்தோஷமாக விளையாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். விமர்சகர்கள்தான் மேலேயே நின்று காவல் காக்கிறார்கள்.

இனி காமிக்ஸ். இங்கே ஏணி வாதம் இன்னும் கடுமையாகிறது: 'படம் போட்டுக் காட்டிவிட்டால் கற்பனைக்கு என்ன வேலை?' பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்கள் எத்தனை வாசகர்களின் கற்பனையைக் கெடுத்தன என்று யாராவது கணக்குச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படங்களால்தான் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நம் மனத்தில் முகம் வந்தது. அது போகட்டும். காமிக்ஸ் பக்கத்தை எப்படிப் படிக்கிறோம் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் துப்பாக்கியை நோக்கிப் போகும் கை. அடுத்த கட்டத்தில் பள்ளத்தாக்கின் மேலே கலைந்து பறக்கும் பறவைகள். சுட்டது யார்? கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளைக் கோட்டில் வாசகர்தான் சுடுகிறார். சத்தமும் அவருடையதே. இந்த வேலையைச் செய்யத் தெரியாத பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சு பலூன்களை மட்டும் படித்துக்கொண்டே போய், கதையில் ஒன்றுமில்லையே என்பார்கள்.

காமிக்ஸ் குழந்தைகளுக்கானது என்ற பேச்சுக்கு 1992இலேயே விடை கிடைத்துவிட்டது. யூத இனப் படுகொலையைத் தன் தந்தையின் வாய்மொழி வழியாகச் சொல்லும் ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' அந்த ஆண்டு புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. அதோடு 'மௌஸ் வேறு, இரும்புக்கை மாயாவி வேறு' என்று ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அதனால் மாயாவிக்கே வருகிறேன்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய கதை. வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஜெசுஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவனுக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தச் சக்தி வந்ததும் அவன் நல்லவனாகிவிடவில்லை. முதலில் குற்றவாளியாகத்தான் ஆகிறான். 'நிழற்படை' என்ற உளவு அமைப்பில் சேர்வதெல்லாம் பிறகு. சிறுவர் பத்திரிகைக்கு இது சாதாரணத் துணிச்சல் இல்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிற்பாடு வந்த மாயாவி கதைகள் பலவற்றை இன்று எடுத்தால் பிளாஸ்கோவின் நிழல்கள்தான் நிற்கின்றன, கதை நிற்பதில்லை. காமிக்ஸ் ரசிகர்கள் பழைய நினைவில் வாழ்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு மாயாவி விஷயத்தில் ஓரளவு உண்மையே.

கேப்டன் டைகர் விஷயத்தில் அது உண்மையில்லை. ஷார்லியே எழுத, ஜான் ஜிரோ வரைந்து 1963இல் பிரான்ஸில் தொடங்கிய 'புளூபெரி' தொடரைத்தான் நாம் டைகர் என்கிறோம். கலைந்த தலை, உடைந்த மூக்கு, மேலதிகாரிக்கு அடங்காத லெப்டினன்ட். தொடர் போகப் போகப் படையிலிருந்து துரத்தப்பட்டு, தேசத் துரோகி என்ற பெயரோடு அலைகிறான். செவ்விந்தியர்களின் நிலத்தை வெள்ளையர் எப்படிப் பறித்தார்கள் என்பது கதையின் பின்புலமாக மட்டும் நின்றுவிடாமல் அதன் முதுகெலும்பாகவே ஆகிறது. நாற்பது வயதில் முதல்முறையாகப் படிக்கிறவருக்கும் இதில் விஷயம் இருக்கிறது. 1984இல் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு தொடங்கிய லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த 'இரத்தப் படலம்' இன்னொன்று. நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று தேடிப் போகிறான். பாகங்கள் நகர நகர அவனுக்குப் புதிய பெயர்கள் கிடைக்கின்றன, பழையவை பொய்யாகின்றன. அமெரிக்க அரசியல் படுகொலைகளின் நிழல் முழுத் தொடரிலும் விழுந்திருக்கிறது. இதைச் சிறுவர் இலக்கியம் என்று நூலகத்தில் அடுக்கினால் சிறுவர்களுக்கும் நல்லதில்லை.

மாயாவியையும் டைகரையும் இப்படிப் பிரித்துப் பார்க்க ஏணி உதவாது என்பதுதான் என் முக்கியமான புகார். அதற்கு இரண்டும் ஒரே கீழ்ப்படி. உள்ளே போய் எது நல்லது, எது சொதப்பல் என்று சொல்லும் பொறுப்பிலிருந்து அது விமர்சகரை விடுவித்துவிடுகிறது. விளைவைப் பாருங்கள். ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். அவற்றில் கட்டாயம் படிக்க வேண்டிய பத்து எவை? பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் எந்தக் கதையில் உச்சம் தொட்டார்கள்? சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி கதைகளில் எதிலிருந்து தொடங்குவது? வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யை நடத்திக்கொண்டே எழுதிய 115 நாவல்களில் இன்றும் உயிரோடு இருப்பவை எவை? இதே கேள்வியைத் தமிழ்ச் சிறுகதை பற்றிக் கேட்டால் விமர்சகர் க.நா.சு. காலத்திலிருந்து பட்டியல்கள் இருக்கின்றன, அவற்றை மறுக்கும் பட்டியல்களும் இருக்கின்றன. இங்கே மௌனம்.

அந்த மௌனத்தின் நஷ்டம் வாசகருக்குத்தான். பஸ் நிலையக் கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களில் பெண்ணைக் கேவலமாகச் சித்தரித்தவையும் உண்டு, அவசரத்தில் கொலைகாரனின் பெயரையே மாற்றிப் போட்டவையும் உண்டு. அவற்றைக் கண்டிக்கவும் உள்ளே இறங்கிப் படித்த ஒருவர் வேண்டும். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டால் நல்லது கண்ணில் படாமல் போவது போலவே கெட்டதும் தப்பித்துவிடும். பல நாவல்கள் பழைய பேப்பர் கடைக்கே போய்விட்டன. கோட்டையூர் ரோஜா முத்தையா மற்றவர்கள் தூக்கி எறிந்த பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் பழைய நாவல்களையும் சேர்த்து வைக்காமல் இருந்திருந்தால், சென்னையில் அவர் பெயரால் இயங்கும் நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு இன்று இவ்வளவு கிடைத்திருக்காது. அவரும் தரம் பார்த்து மட்டும் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஏணிக்காரர்களின் கடைசி வாதம் கொஞ்சம் உருக்கமானது: 'வாழ்நாள் குறைவு, நல்ல புத்தகங்கள் நிறைய, ஏன் இதில் நேரத்தை விட வேண்டும்?' வாழ்நாள் குறைவுதான். அதனால்தான் பரிந்துரை துல்லியமாக இருக்க வேண்டும். 'சுஜாதா படி' என்பது பரிந்துரை ஆகாது. பகுத்தறிவும் அமானுஷ்யமும் மோதுவதைப் பார்க்க வேண்டும் என்றால் கணேஷும் வசந்தும் வரும் 'கொலையுதிர் காலம்'. கிராமத்து மர்மமும் நாட்டுப்பாடலும் சேர்ந்து வேண்டும் என்றால் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. கணேஷ்–வசந்த் கதைகளுக்கு வரிசை தேவையில்லை, கையில் கிடைத்ததை எடுக்கலாம். லக்கி லுக் காமிக்ஸும் மெக்ரே நாவல்களும் அப்படியே. இரத்தப் படலத்தை மட்டும் முதல் பாகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நடுவில் புகுந்தால் நாயகனைப் போலவே நாமும் நினைவிழந்து நிற்போம். டைகரின் 'மின்னும் மரணம்' கதைகளும் வரிசை தப்பினால் குழப்பும். இவற்றைப் படித்த பிறகு ஜானகிராமனுக்குப் போவதும் போகாததும் அவரவர் விருப்பம். ஜானகிராமனைப் படித்து முடித்தவர் டைகரிடம் வந்தாலும் அது இறங்குமுகம் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மாத நாவல்கள் கிடக்குமானால் ஓர் உதவி செய்யுங்கள். இரண்டாம் முறை படித்தும் தாங்குகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு, ஆசிரியர், வெளியான இதழ், ஏன் தாங்குகிறது என்று நாலு வரி. எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். தாங்காத ஒன்றையும் அதே போல எழுதுங்கள். விமர்சகர்கள் செய்யாமல் விட்ட பட்டியலை வாசகர்கள்தான் போட்டாக வேண்டும்.