சென்ற திங்கள் கற்றதும் கண்டதும்

‘ஓயா’ என்பது சிங்களத்தில் ஆற்றைக் குறிக்கும். தமிழிலோ ஓய்தல் இல்லாதது என்று பொருள்படும். சென்ற திங்கள் நானுஓயா தன் பெயரின் தமிழ்ப் பொருளையே நிலைநாட்டிற்று. பகலெல்லாம் மழை, மாலையிற் பனிமூட்டம். பாடசாலை விட்டு வந்ததும் அடுப்படியை அண்டியிருப்பதன்றி வேறு வழியில்லை. ஆதலால் வழமையிலும் சற்று மிகுதியாகவே படித்தேன். திரைப்படம் ஒன்றும் பார்த்தேன். அவற்றைப் பற்றி அன்பர்களுடன் இவ்வாரம் உரையாட விரும்புகிறேன்.

படம் பார்க்கத் தூண்டியவள் என் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி. தோட்டத்து லயத்திலிருந்து வருபவள். பாலா இயக்கி 2013 இல் வெளிவந்த ‘பரதேசி’யைத் தொலைபேசியிற் பார்த்துவிட்டு வந்து, “எங்கட ஆட்கள் அடி வாங்கினதும் அழுததும் தவிர வேறொன்றும் செய்யவில்லையா, ஐயா?” என்று கேட்டாள். படத்தைப் பார்க்காமல் விடை கூறுதல் முறையன்று. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்தேன். கங்காணியின் சொல்லை நம்பி ஓர் ஊரே மலையை நோக்கி நடந்து செல்லும் காட்சிகள் நெஞ்சைப் பிழிகின்றன. நம் முன்னோரும் அவ்வாறே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். அவர்கள் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது நானும் சிறிது தூரம் உடன் நடந்தேன். அந்நினைவு படம் முழுவதும் என்னைத் தொடர்ந்தது.

ஆயினும் படத்தோடு நின்றுவிடாமல், அதற்கு மூலமான நூலையும் தேடி எடுத்தேன். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டானியல் 1969 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ரெட் டீ’ என்னும் நாவலை, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கி 2007 இல் தந்தார். நூலில் வரும் மருத்துவர் காய்ச்சலோடும் அழுக்கோடும் துரைமாரோடும் ஒருங்கே போராடுகிறார். படத்தில் வரும் மருத்துவரோ ஆடிப் பாடி மதம் பரப்பும் நகைப்புப் பாத்திரமாகிவிட்டார். சமய வழக்காட நான் வரவில்லை. நூலில் தொழிலாளிக்குத் துணைநின்ற ஓர் அறிவைப் படம் தொலைத்துவிட்டது என்பதே என் குறை. மாணவியின் கேள்வி பிறந்த இடமும் அதுவே என்று தோன்றுகிறது.

பின்னர்ப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை மீண்டும் படித்தேன். 1935 இல் எழுதப்பட்ட கதை. நம் தோட்டங்களில் வாழ்ந்தறியாதவர் எழுதியது என்று எண்ணும்போது வியப்பு மிகுகிறது. மருதியின் துயரைப் போல் என்னை உலுக்கிய எழுத்துக் குறைவு. எனினும் அதுவும் கேணியின் மேல்நின்று உள்ளே விழுந்தவரைப் பார்க்கும் பார்வைதான்.

உள்ளிருந்து எழுந்த குரல் என். எஸ். எம். இராமையாவுடையது. ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதி 1980 இல் வந்தது. தலைப்புக் கதையை நான் முதன்முதலாகப் படித்தது இவ்வயதில் என்று சொல்ல நாணுகிறேன். கொழுந்தெடுப்பதில் ஒரு பெண்ணுக்குள்ள கைத்திறன், அதன்மேல் விழும் ஐயம், அவளுடைய மானம், இவ்வளவே கதை. இரங்கச் சொல்லி அவள் எவரையும் கேட்கவில்லை. இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரலுக்கு ஒரு கல்வி உண்டு, அக்கல்விக்கு ஒரு செருக்கு உண்டு என்பதை ‘பரதேசி’ காட்டவில்லை, இராமையா காட்டுகிறார்.

இனி என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலையும் இம்மழையிற்றான் படித்தேன். சி. வி. நமக்கு அயலவர், இங்கிருந்து இரயிலில் மூன்றாவது நிலையமாகிய வட்டகொடையை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்தவர். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அந்நூலைப் புரட்டுகையில், இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கற்ற மாணவன் ஒருவனின் கட்டுரை நினைவுக்கு வந்தது. ‘பெரட்டு’, ‘கவ்வாத்து’, ‘மட்டக்கம்பு’ என்று எழுதியிருந்தான். கொச்சை என்று சிவப்பு மையாற் கோடிட்டேன். மட்டக்கம்பை வெட்டி ‘அளவுகோல்’ என்று திருத்தினேன். தேயிலைச் செடிகளின் தலைமட்டம் பிசகாதிருக்க மேலே கிடத்தும் கம்பு அது. அளவுகோல் எதனை அளக்கும்? மாணவன் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் அவன் எழுதிய கட்டுரைகளிலெல்லாம் தோட்டமே வரவில்லை; மெரீனாக் கடற்கரையும் பொங்கல் விழாவுமே வந்தன. நானும் நல்ல புள்ளிகள் இட்டேன்.

அதே ஆண்டில் அதே வகுப்பிலேதான் திசைச்சொல் இலக்கணத்தைக் கற்பித்திருப்பேன். தமிழல்லாத நிலங்களிலிருந்து வரும் சொல்லையும் பவணந்தியார் திசைச்சொல்லாக ஏற்றார். உரைகாரர் எண்ணும் அந்நிலங்களுட் சிங்களமும் ஒன்று. விதியைப் பலகையில் எழுதிவிட்டு, உதாரணத்தைக் கொப்பியில் வெட்டியிருக்கிறேன். கீழைத்தேயக் கல்லூரியிற் பெற்ற படிப்பு அன்று எனக்கு அவ்வளவுதான் உதவிற்று.

மாணவிக்கு விடையாக இராமையாவின் தொகுதியைக் கொடுத்தேன். நான்கு நாளிற் படித்து முடித்து, பாட்டிக்கும் வாசித்துக் காட்டினாளாம். கிழவி இரண்டு இடங்களிற் சிரித்தாராம், ஓரிடத்தில் மறுத்தாராம். மறுத்த இடம் எது என்று கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.

நம்மவர் எடுத்த படம் இல்லாமலும் இல்லை. வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975 இல் வந்தது; கதை எழுதியவர் தெளிவத்தை ஜோசப். அட்டனிற் பார்த்ததாக என் தந்தையார் சொல்லக் கேட்டதுண்டு. இம்மாதம் எவ்வளவோ தேடியும் எனக்குக் கிட்டவில்லை.

எங்கள் பாடசாலையின் புத்தக அலுமாரியில் மேற்சொன்ன நூல்களுள் ஒன்றேனும் இல்லை. சங்கநூல்கள் மூன்று பதிப்புகள் உள்ளன. அவற்றை வாங்கி வைத்தவனும் நானே. ஈழத்து நூல்கள் பலவற்றை ‘நூலகம்’ நிறுவனத்தார் இணையத்தில் ஏற்றி வைத்திருப்பது பெருந்தொண்டு. எனினும் மழைநாளில் மின்சாரம் நின்றுவிடும் லயத்துக்குக் கையில் ஏந்தும் புத்தகமே துணை. அதிபரிடம் ஐந்து நூல்களுக்குப் பட்டியல் கொடுத்துள்ளேன்.

அடுத்த திங்களுக்கெனத் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ நாவலை எடுத்து வைத்திருக்கிறேன். 1974 இல் வந்த நூல். நண்பர் ஒருவர் தந்த பழைய படி. கடைசிப் பக்கங்கள் சில கறையானுக்கு இரையாகிவிட்டன. முழுப்படி வைத்திருக்கும் ஆசிரிய அன்பர் எவரேனும் ஒரு வாரத்துக்கு இரவல் தருவாராயின், ஈரம் படாமல் திருப்பித் தருவேன்.