எழுந்து வந்த விருந்து



சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் நாகல் நகரிலிருந்து நாங்கள் பதினொரு பேர் ஒரு வேனில் கொச்சிக்குப் புறப்பட்டோம். அத்தா, அம்மா, என் அக்காள் குடும்பம், தம்பி குடும்பம், எங்கள் குடும்பம். வழியில் உண்பதற்குச் சீரகச் சம்பா பிரியாணி ஒரு தேக்சா நிறைய இருந்தது. பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூரை அடைந்து, கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆ பள்ளிவாசலில் தொழுதுவிட்டுக் கொச்சி சேர்ந்தோம். மறுநாள் காலை மட்டாஞ்சேரி அரண்மனையையும், 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட யூதர் ஆலயத்தையும், கடலோரத்துச் சீன வலைகளையும் பிள்ளைகள் கண்டு மகிழ்ந்தனர்.

அன்று நண்பகல் எங்களை விருந்துக்கு அழைத்திருந்தவர் என் தம்பியின் நண்பர். மலையாளக் கிறித்தவர். ஷார்ஜாவில் என் தம்பியுடன் ஆறு ஆண்டுகள் ஒரே அறையில் தங்கியவர். ரமளானில் தம்பி அயர்ந்து உறங்கிவிட்டால் ஸஹருக்குத் தட்டி எழுப்பியவரும் அவரே. நகருக்கு வெளியே காயல் கரையில் மீன் உணவுக்குப் பெயர்பெற்ற சிறு கடை ஒன்றில் எங்களுக்கென ஓர் அறையை முன்பதிவு செய்து, உணவையும் சொல்லி வைத்திருந்தார்.

வேனை விட்டு இறங்கியதும் முதலில் வாசலிலேயே நின்றுவிட்டவன் என் அக்காள் மகன். இருபத்தாறு வயது இளைஞன். ஏன் நிற்கிறான் என்று எவரும் கேட்கவில்லை. உள்ளே நுழைந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அது ஒரு கள்ளுக்கடை.

கேரளத்தின் வழக்கம் நம் வாசகர் பலருக்குத் தெரியாதிருக்கலாம். தமிழகத்தில் கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை உள்ளது. கேரளத்தில் அது உரிமம் பெற்ற தொழில். அங்குள்ள கள்ளுக்கடைகள் பல, குடிப்பவர்களுக்காக மட்டும் நடப்பதில்லை. குடம்புளி இட்ட சிவந்த மீன்கறி, வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன், மரவள்ளிக் கிழங்கு, வாத்து இறைச்சி, நண்டு ஆகியவற்றுக்காகவே குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். அவர்களுக்கெனத் தனி அறைகளும் உண்டு. எங்கள் நண்பரும் அத்தகைய ஓர் அறையைத்தான் ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் மேசைக்குக் கள் வரக்கூடாது என்றும், மீனைத் தவிர வேறு இறைச்சி வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அறுப்பு முறை குறித்து எங்களுக்குச் சங்கடம் நேரக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு. அவர் தம் அறிவுக்கு எட்டியவரை எங்கள் மார்க்கத்தை மதித்தே நடந்திருந்தார்.

ஆயினும், மெல்லிய பலகைத் தடுப்புக்கு அப்பால் குப்பிகள் மோதும் ஒலி கேட்டது. புளித்த வாடை அறையெங்கும் இருந்தது. மேசைமீது கரிமீன் ஆவி பறந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் காலை முதல் பசித்திருந்தனர்.

எங்களுக்குள் இரண்டு கருத்துகள் எழுந்தன. "மீன் ஹலால், நம் மேசையில் மது இல்லை, அழைத்தவர் மனம் புண்படலாகாது, உண்டுவிட்டுப் போவோம்" என்றார் அக்காளின் கணவரான மச்சான். மது பரிமாறப்படும் விருந்தில் அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நான் நினைவூட்டினேன். "அது மேசையைப் பற்றியது, கட்டடத்தைப் பற்றியதன்று" என்றார் மச்சான். அவர் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. ஒரே விடுதியில் மதுக்கூடமும் உணவகமும் தனித்தனியே இயங்கும் இக்காலத்தில், வேலை நிமித்தம் பயணம் செய்யும் நம் மக்கள் அன்றாடம் சந்திக்கும் கேள்வி இது.

அத்தாதான் முடிவெடுத்தார். நண்பரின் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, உங்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். அதைத் தாண்டாமல் உங்களோடு சேர்ந்து உண்ண வேண்டும். அதற்கு ஏதேனும் வழி உண்டா?" என்று கேட்டார். குரலில் கண்டிப்பு இல்லை. முகத்தில் அருவருப்பு இல்லை. பணத்தைத் தாம் தந்துவிடுவதாகவும் சொன்னார்.

நண்பர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தம் தலையில் தாமே தட்டிக்கொண்டார். பணத்தை வாங்க மறுத்தார். சமைத்தவை வீணாகாதபடி பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டு, தம் மனைவிக்குத் தொலைபேசியில் பேசினார். ஒரு மணி நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் வாழையிலை விரித்து அமர்ந்திருந்தோம். கஞ்சி, பயற்றுத் தோரன், தேங்காய்ச் சம்மந்தி, சுட்ட கருவாடு, உப்பிட்ட மாங்காய். முன்னறிவிப்பின்றி வந்த பதினொரு பேருக்கு அந்தச் சகோதரி முகம் கோணாமல் இட்ட உணவு அது. அந்தப் பயணத்தில் எந்த உணவு சிறந்தது என்று இன்று கேட்டாலும் எங்கள் பிள்ளைகள் அந்தக் கஞ்சியைத்தான் சொல்கிறார்கள்.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கொள்கையில் உறுதியாக நின்றோம், நற்பெயரும் பெற்றோம் என்ற நிறைவுடன் நானும் ஊர் திரும்பியிருப்பேன்.

அன்று இரவு, தங்கியிருந்த விடுதியின் மாடியில் அக்காள் மகன் என்னருகே வந்து அமர்ந்தான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, நான் நிறுத்தி நாற்பது நாள் ஆகிறது. அந்த வாடை பட்டதும் கை நடுங்கிவிட்டது. நன்னா எழுந்திருக்காவிட்டால் இன்று இரவே திரும்ப அங்கே போயிருப்பேன்" என்றான்.

அவன் குடிப்பது எங்களில் பலருக்குத் தெரியும். அவனிடம் மட்டும் நாங்கள் அதைப் பேசியதில்லை. வீட்டின் மானம் என்று மூடி வைத்திருந்தோம். நாற்பது நாளாக அவன் தனியே போராடிக்கொண்டிருந்ததும் எங்களுக்குத் தெரியாது.

அன்றுதான் அந்த நபிமொழியின் இன்னொரு பொருள் எனக்கு விளங்கியது. மதுவுள்ள விருந்திலிருந்து விலகுவது நம் தூய்மையைக் காத்துக்கொள்ள என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அது நம்மோடு அமர்ந்திருக்கும் பலவீனமான ஒருவருக்கான வேலியும் ஆகும். திடமனம் உடையவர் அந்த அறையில் உண்டுவிட்டு எவ்விதச் சலனமுமின்றி வெளியேறலாம். ஆனால் பதினொரு பேரில் ஒருவருக்கு அது மீள முடியாத சறுக்கலாகிவிடும். அந்த ஒருவர் யார் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. ஆதலால் எல்லோரும் சேர்ந்தே எழுகிறோம்.

மது விலக்கப்பட்ட வரலாறும் இதையே உணர்த்துகிறது. திருக்குர்ஆன் அதை ஒரே நாளில் தடுக்கவில்லை. பயனைவிடத் தீமை மிகுதி என்று முதலில் உணர்த்தியது. போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்று அடுத்துக் கட்டளையிட்டது. இறுதியில் முற்றிலும் விலக்கியது. அந்த இறுதி அறிவிப்பு வந்தபோது மதீனாவில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒரு குழுவினர் அருந்திக்கொண்டிருந்தனர். பரிமாறிக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி). அறிவிப்பாளரின் குரல் கேட்டதும் அங்கேயே அதைக் கொட்டச் சொன்னார் அபூதல்ஹா. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. ஒருவர் மட்டும் விட்டிருந்தால் அது அவருடைய பக்தியாக இருந்திருக்கும். சபையே விட்டதால், விட முடியாமல் தவித்தவருக்கும் அது எளிதாயிற்று.

அன்று கொட்டப்பட்டது பேரீச்சம் பழத்திலிருந்து செய்த மது என்பதையும் கவனிக்க வேண்டும். கள் மரத்திலிருந்து வரும் இயற்கை உணவு, அதை மதுவோடு சேர்க்கலாகாது என்ற வாதம் இன்று தமிழகத்தில் உரத்து ஒலிக்கிறது. பனையேறிகளின் வாழ்வாதாரம் குறித்த அக்கறை நியாயமானது. அவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. எனினும் மார்க்கம் பார்ப்பது எந்த மரத்திலிருந்து வந்தது என்பதையன்று, போதை தருகிறதா என்பதையே. மிகுதியாக அருந்தினால் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் விலக்கப்பட்டதே.

அதே பனையிலிருந்துதான் பதநீரும் வருகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால், வடியும் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறி இறக்குபவரும் ஒருவரே. நபி (ஸல்) அவர்களும் நீரில் ஊறவைத்த பேரீச்சம் பழச்சாற்றை இனிப்பாக இருக்கும்போது அருந்தியிருக்கிறார்கள். நாள் கடந்து மாறத் தொடங்கினால் தவிர்த்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அப்படித்தான். கெட்ட மரத்தில் பிறந்து எவரும் கெடுவதில்லை. கலயத்தில் தடவ வேண்டியதை உரிய வேளையில் தடவினோமா என்பதுதான் கேள்வி.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கொச்சியில் அந்நியரின் மேசையிலிருந்து எழுந்த நாம், நம் திருமண மண்டபங்களின் பின்புறம் நிற்கும் கார்களில் என்ன நடக்கிறதென்று அறிந்தும் பார்வையைத் திருப்பிக்கொள்வதில்லையா? முன்னே நிக்காஹ், பின்னே குப்பி. அங்கே எழுந்து செல்ல நமக்குத் துணிவு வருவதில்லை, ஏனெனில் அது சொந்தக்காரர் வீட்டு விருந்து. இரண்டு அளவுகோல்களையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள்.

மற்றொன்று, நம் வீட்டுக் குடிநோயாளியை நாம் நடத்தும் விதம். மறைக்கிறோம், அல்லது சபிக்கிறோம். மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்றளித்தார்கள். குற்றத்தைக் குற்றம் என்றே சொன்ன நாவு, மனிதரைக் கைவிடவில்லை. குடிப்பழக்கம் பாவம் மட்டுமன்று, மருத்துவம் தேவைப்படும் நோயும் ஆகும். பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். ஆகவே துஆவுடன் மருத்துவரையும் நாட வேண்டும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மூன்றாவது, எழும் விதம். அன்று அத்தா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்திருந்தால், ஸஹருக்கு எழுப்பிய அந்த நண்பரை இழந்திருப்போம். வாசலில் நின்ற என் மருமகனும் அந்த அருவருப்பு தன்மீதுதான் என்று எண்ணியிருப்பான். அன்றிரவு என்னிடம் வந்து வாய் திறந்திருக்க மாட்டான். கண்ணியமாக விலகியதால் இரண்டு மனிதர்கள் எங்களோடு எஞ்சினர்.

பயணம் செல்லும் குடும்பங்களுக்கு ஓரிரு சொற்கள். உணவிடம் எத்தகையது என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அழைப்பவர் அன்பர் எனில் நம் வரம்புகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது அவருக்கும் உதவியாகும். நாங்கள் சொல்லாதது எங்கள் பிழை. கேரளத்தில் சில இடங்களில் ஆப்ப மாவைக் கள் சேர்த்துப் புளிக்க வைக்கும் வழக்கம் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. கள்ளிலிருந்து வரும் வினிகரைப் பொறுத்தவரை, தானாக மாறியது ஆகும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. பொருள் சேர்த்து மாற்றியதை ஹனஃபி மத்ஹப் ஏற்கிறது, ஷாஃபி மத்ஹப் ஏற்பதில்லை. அவரவர் ஆலிமிடம் கேட்டு நடக்கலாம்.

என் மருமகன் முற்றிலும் மீண்டுவிட்டான் என்று நான் எழுதப்போவதில்லை. இடையில் ஒருமுறை சறுக்கினான். மறைக்காமல் வந்து சொன்னான். இப்போது மருத்துவம் தொடர்கிறது. அவன் அத்தாவும், அந்த மேசையில் உண்டுவிட்டுப் போகலாம் என்று வாதிட்ட என் மச்சான்தான், ஒவ்வொரு முறையும் அவனோடு மருத்துவமனைக்குப் போகிறார். சென்ற மாதம் வீட்டில் ஒரு திருமணப் பத்திரிகை வந்தபோது, "அங்கே பின்புறம் என்ன நடக்கும் என்று தெரியும். நிக்காஹ் முடிந்ததும் நாம் எல்லோரும் சேர்ந்தே கிளம்பிவிடுவோம்" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

சறுக்குபவரைத் தாங்கிப் பிடிக்கும் குடும்பங்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.