கட்டிலை மூடும் அதிகாரம் மேட்ரனுக்கு வேண்டும்

அம்பாங்கில் எங்கள் தாமானில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். வேலை ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் அவர்களுக்கு நான் இன்னும் 'மிஸி'. அந்தப் போன்களில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "மிஸி, காலையிலிருந்து எமர்ஜென்சியில் உட்கார்ந்திருக்கிறோம். மேலே வார்டில் கட்டில் காலியாகக் கிடக்கிறது, கண்ணால் பார்த்தோம். தர மாட்டேன் என்கிறார்கள்."

காலியான கட்டில் வெறும் இரும்புதான். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தாதி இருந்தால்தான் அது நோயாளிக்குப் பயன்படும். அந்த தாதி இருக்கிறாரா இல்லையா என்பதை அறிந்தவர், மருத்துவமனையிலேயே ஒருவர்தான். தாதியர் இயக்குநர், தலைமைத் தாதிமை அதிகாரி என்று இப்போது பதவிப் பெயர்கள் நீண்டுவிட்டன. எங்கள் காலத்துப் பேச்சில் அவர் பெரிய மேட்ரன். ஒரு வார்டில் இன்றிரவு கைகள் போதாது என்று தெரிந்தால், "இங்கே புது நோயாளியை ஏற்றாதே" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் வேண்டும். அவர் சொன்னபின் அதை வேறொருவர் மாற்றவும் கூடாது. இதுதான் என் கட்சி. அந்த அதிகாரம் இல்லாத மேட்ரன், சம்பளம் கொஞ்சம் கூடுதலாக வாங்கும் ரோஸ்டர் கிராணி.

பெரிய மேட்ரன் என்ன செய்கிறார் என்று வெளியில் பலருக்குத் தெரியாது. வெள்ளை உடுப்பில் ரவுண்ட்ஸ் வந்து கட்டில் விரிப்பில் சுருக்கம் பார்ப்பவர் என்றே நினைக்கிறார்கள். பண்டான் மேவாவில் 2006இல் திறந்த அம்பாங் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தநோய்ச் சிகிச்சைக்கு நாட்டின் தலைமை மையம் அது. லுக்கேமியா நோயாளிக்குக் கீமோ கொடுத்த பிறகு வெள்ளணுக்கள் சரிந்துவிடும்; கை கழுவாத ஒருவர் தொட்டாலே காய்ச்சல், காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் ஏற்றும்போது பெயர், அடையாள அட்டை எண், இரத்தப் பிரிவு, பை எண் எல்லாவற்றையும் நோயாளியின் பக்கத்திலேயே நின்று இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். நடுநிசியில் அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்? ரோஸ்டரிலிருந்துதான். ரோஸ்டரில் ஆள் இல்லாவிட்டால் கவுண்டரிலிருந்தபடியே "சரிதான், போடு" என்று ஒரு குரல் வரும். எழுத்தில் இரண்டு கையெழுத்து இருக்கும். பார்த்த கண்கள் இரண்டுதான், நான்கு அல்ல.

வின்கிறிஸ்டின் என்றொரு கீமோ மருந்து உண்டு. இரத்தக்குழாயில் ஏற்ற வேண்டியது. தவறுதலாகத் தண்டுவடத்தில் போட்டுவிட்டால் ஆள் பிழைப்பது அரிது. பல நாடுகளில் அப்படி நடந்தது. ஊசியில் நிரப்பாதீர்கள், சிறு டிரிப் பையில் கலந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது. எச்சரிக்கை ஒரு காகிதம். அதை ஒவ்வொரு வார்டின் பழக்கமாக மாற்ற மருந்தகத் தலைவரோடு உட்கார்ந்து பேசி, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்துப் போய்ச் சரிபார்க்கும் வேலை மேட்ரனுடையது. நோயாளியைத் தொடாமலே உயிர் காக்கும் வேலை என்பதால் யாரும் பூங்கொத்து கொடுப்பதில்லை.

ஆள் பற்றாக்குறையை நாம் ஏதோ சோர்வு, எரிச்சல் என்கிற அளவில் பேசிவிட்டு விடுகிறோம். லிண்டா எய்க்கன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி பேசுகிறது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. கலிபோர்னியா 2004இல் தாதி ஒருவருக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமாகவே அமலுக்குக் கொண்டுவந்தது. நம்மிடம் அந்தக் கணக்கு மேட்ரனின் மனசாட்சியில் மட்டும் இருக்கிறது.

தனியார் மருத்துவமனைகளில் சிக்கல் இன்னும் ஆழம். அங்கே நிபுணத்துவ மருத்துவர்கள் பெரும்பாலும் சம்பள ஊழியர்கள் அல்ல. தனித்து இயங்குபவர்கள், நோயாளிகளை அழைத்து வருபவர்கள். கணக்குப் புத்தகத்தில் அவர்கள் வரவுப் பக்கம். தாதியர்தான் மருத்துவமனை சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பெரும்படை, அதனால் செலவுப் பக்கம். வருமானம் குறைந்த காலாண்டில் எந்தப் பக்கத்தில் பேனா ஓடும் என்று சொல்லவா வேண்டும்!

நான் சிஸ்டராக இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில், ஹரிராயா நேரத்தில் ஒரு இரவு, இரண்டு பேர் எம்.சி. எடுத்துவிட்டார்கள். மேட்ரன் நேராக வார்டுக்கு வந்தார். நோயாளிகளைச் சுற்றிப் பார்த்தார், யாருக்கு ஆக்சிஜன் ஓடுகிறது, யார் எழுந்து விழக்கூடியவர் என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு ஆறு கட்டில்களின் விரிப்பை எடுக்கச் சொன்னார். "விரிப்பு இல்லாத கட்டிலில் யாரும் நோயாளியைப் போட மாட்டார்கள் சிஸ்டர்" என்றார். அரை மணி நேரத்தில் நிர்வாகத்திலிருந்து போன். மேட்ரன் பேசியது எனக்குக் கேட்டது: "சார், கட்டில் இருக்கிறது. நீங்கள் வந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால் ஆளை அனுப்புங்கள்." அன்றிரவு யாரும் விழவில்லை, எதுவும் தவறவில்லை. மறுநாள் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: ஆறு கட்டிலுக்கு எத்தனை வெள்ளி நட்டம்? தவறாமல் போனதற்குக் கணக்கு எழுத எந்தப் பாரமும் கிடையாது. அடுத்த ஒப்பந்தம் அவருக்குப் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் வேறு என்றார்கள். நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? தனியார் சுகாதார வசதிகள் மற்றும் சேவைகள் சட்டம் 1998, ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும் நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்ல மருத்துவர்களைக் கொண்ட ஒரு குழு இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. அதே எடையில் தாதியர் குரல் மேலே போக வழி வைத்தால் என்ன? நம் தாதியர் சட்டம் 1950ஆம் ஆண்டுக்காரர். தாதியர் வாரியத்தின் தலைவர் நாற்காலியில் உட்காருவதே சுகாதாரத் தலைமை இயக்குநர்தான், அதாவது ஒரு மருத்துவர். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் வீட்டுச் சாவி எப்போதும் பக்கத்து வீட்டில் இருக்கிறதே என்றுதான் யோசிக்கிறேன்.

மேசையில் நாற்காலி மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005க்கும் 2009க்கும் இடையே நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல், அழுக்கில் கிடந்த கதையை ராபர்ட் பிரான்சிஸ் 2013இல் அறிக்கையாகத் தந்தார். செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்திருந்தார்கள். அந்த நிர்வாகக் குழுவில் தாதியர் தரப்புக்கு நாற்காலி இருந்தது. ஆட்குறைப்பு நின்றபாடில்லை.

'கட்டிலை மூடினால் நோயாளி எங்கே போவார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021 ஜூலையில் கிளாங் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை கோவிட் நோயாளிகளால் நிரம்பி வழிந்தபோது எந்த மேட்ரனும் கதவைச் சாத்தியிருக்க முடியாது, சாத்தவும் கூடாது. அரசு மருத்துவமனையில் இந்த அதிகாரம் வேறு உருவம் எடுக்கும்: காத்திருக்கக்கூடிய அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கச் சொல்வது, பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஆளை வரவழைப்பது, முடியாவிட்டால் 'இன்றிரவு இந்த வார்டு பாதுகாப்பானதல்ல' என்று எழுத்தில் கொடுத்து இயக்குநரின் கையெழுத்தைக் கேட்பது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட யாருக்கும் மனம் வராது. அதனாலேயே ஆள் வந்து சேரும்.

புதிய பொதுச் சேவை ஊதிய முறையோடு 2024 டிசம்பர் 1 முதல் ஷிப்ட் தாதியரின் வேலை வாரம் 42 மணியிலிருந்து 45 மணியாகும் என்றார்கள். தாதியர் சங்கம் எதிர்த்தது, அமலாக்கம் தள்ளிப்போனது. மூன்று மணி நேரம்தானே என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றும். தொடர்ந்து மூன்று இரவு ஷிப்ட் பார்த்தவரின் ரோஸ்டரில் அந்த மூன்று மணி எந்த ஓய்வு நாளைக் கடிக்கும் என்று ஒரு மேட்ரன் பென்சிலை எடுத்தால் ஐந்தே நிமிடத்தில் காட்டிவிடுவார். 2030க்குள் தாதியர் பற்றாக்குறை 60 விழுக்காட்டை நெருங்கலாம் என்று சுகாதார அமைச்சரே சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரும் சவூதியும் நம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அமெரிக்காவில் இதே போன்ற பஞ்சம் வந்தபோது, தாதியர் விலகாமல் தங்கிய 41 மருத்துவமனைகளை 1983இல் ஓர் ஆய்வு அடையாளம் கண்டது. அங்கெல்லாம் சம்பளம் மட்டும் பேசவில்லை. தாதியர் தலைவருக்கு நிர்வாகத்தில் கனம் இருந்தது, வார்டில் இருப்பவள் சொன்னால் மேலே கேட்டார்கள்.

ஆகவே, பங்குச் சந்தையில் இருக்கும் மருத்துவமனைக் குழுமங்கள் ஆண்டறிக்கையில் இலாபத்தோடு சேர்த்து ஒரு வரி எழுதட்டும்: ஆள் போதாமல் எத்தனை கட்டில், எத்தனை இரவு மூடினோம். சுழியம் என்று எழுதியிருந்தால் நான் அந்த மருத்துவமனைக்குப் போக யோசிப்பேன்.

வாசகர்களே, உங்கள் அம்மாவையோ அப்பாவையோ வார்டில் சேர்க்கும்போது, வைஃபை ரகசிய எண்ணைக் கேட்பதற்கு முன், இன்றிரவு ஒரு தாதிக்கு எத்தனை நோயாளி என்று கேளுங்கள். அந்தப் பெண்ணை அதட்டாமல் கேளுங்கள், பாவம், அவள் கையில் ஒன்றும் இல்லை. பதில் பத்தைத் தாண்டினால் மேட்ரனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வந்ததும், "மேட்ரன், இந்த வார்டில் இனி ஆள் ஏற்ற வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்களா?" என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.