கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டு போதுமா?

 

நம் பள்ளிக் கம்ப்யூட்டர் அறை ஒரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. காரணம் எல்லாருக்கும் தெரியும். இரண்டு மவுஸ் காணோம். ஒரு கீபோர்டில் ஆறு எழுத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னொரு கம்ப்யூட்டரில் யாரோ கண்ட கண்ட விளையாட்டை இறக்கி, வைரஸ் புகுந்து, இப்போ அது திறக்கவே மாட்டேங்குது. "கவர்மெண்ட் குடுத்ததுதானே, போனா இன்னொண்ணு தருவாங்க" என்கிறார்கள் சிலர். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று எங்கள் ஆயா சொல்வது இதைத்தான்.

கவர்மெண்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் வாங்கும் சோப்புக்கும் வரி உண்டு. செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூலி வேலைக்குப் போகிற நம் அப்பா, அம்மா கொடுத்த காசும் அந்த மவுஸில் இருக்கிறது. பொதுச் சொத்தைப் பாதுகாப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. 1976ல் சேர்த்தது அது. ஓட்டு போடுற வயசு வந்தபிறகுதான் கடமை என்று அதில் எழுதவில்லை.

அறையைப் பூட்டியதால் யாருக்கு நஷ்டம்? மவுஸை எடுத்தவருக்கு இல்லை. சொந்தமாகப் போன் வைத்திருப்பவருக்கும் இல்லை. பல வீட்டில் ஒரே போன். பகலில் அது அப்பாவோடு போய்விடும், சாயங்காலம் அண்ணன் கையில். நாம் கேட்டால் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு போன்?" என்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவிகளைத் தேர்வு செய்து, 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் தருவார்கள். அதன் பழைய வினாத்தாள்கள் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. அதைப் பார்க்க எங்களுக்கு அந்த அறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

மவுஸ், கீபோர்டு மட்டுமல்ல, இன்டர்நெட்டும் பொதுச் சொத்துதான். தெருக்குழாயில் ஒருவர் மோட்டார் வைத்து இழுத்தால் அடுத்த வீட்டுக்குத் தண்ணி வராது. அதுபோல, ஒருவர் சினிமாப் பாட்டு வீடியோ பார்த்தால் மற்ற பத்துப் பேருக்கும் பக்கம் திறக்காமல் சுத்திக்கிட்டே இருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அடுத்தவர் லாக் அவுட் செய்ய மறந்த கணக்கில் நுழைந்து, அவர் பெயரில் எதையாவது அனுப்புவது விளையாட்டு இல்லை. அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பெண்ணின் படத்தைக் கேலியாக மாற்றிப் போட்டால், போட்டவர் நாளைக்கே மறந்துவிடுவார். அந்தப் பெண்ணின் படிப்பை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். யாருக்காவது அப்படி நடந்தால் பயப்படாமல் டீச்சரிடம் சொல்லுங்கள். 1098க்கும் போன் செய்யலாம், காசு கிடையாது.

ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பூட்டு கம்ப்யூட்டரைக் காப்பாற்றும், எங்களுக்குப் பாடம் சொல்லித் தராது. என் யோசனைகள்:

1. ஒரு நோட்டுப் போடலாம். எந்தக் கம்ப்யூட்டரில் யார், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், அப்போது எப்படி இருந்தது, எழுந்திருக்கும்போது எப்படி இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

2. வாரம் ஒரு மாணவர், ஒரு மாணவி பொறுப்பு.

3. கேட்காமல் பென்டிரைவ் போடக்கூடாது. பட்டென்று சுவிட்சை அணைக்கக்கூடாது, ஷட்டவுன் செய்ய வேண்டும்.

4. மதிய இடைவேளையில், வீட்டில் போன் இல்லாதவர்களுக்கு முதலில் இடம்.

உடைத்தவரிடம் பணம் கேட்க வேண்டாம். இல்லாதவங்க பயந்து பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவார்கள். அதற்குப் பதில் ஒரு மாதம் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுங்கள்.

மவுஸை எடுத்தவர் யாராக இருந்தாலும், பேர் சொல்ல வேண்டாம். காலையில் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். யார் என்று விசாரிக்க வேண்டாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அறை திறந்தால் போதும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி